மடற்குழுவில் ஒழுங்கு நிலவிய நான்கு நாட்கள்

விதிகள் எழுத வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதில்லை. ஒரு கூட்டத்தின் குறிப்பில் ஒரே ஒரு தவறைச் சுட்டிக்காட்டினேன், அவ்வளவுதான். கூட்டம் நாலு மணிக்குத் தொடங்கியது என்று எழுதியிருந்தார்கள். தொடங்கியது நாலே முக்காலுக்கு. அதைச் சொன்னதும் அறையில் இருந்த பதினோரு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாள் தேடிய ஆள் இங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறான் என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. அம்பத்தூரில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த ஒருவர், லினக்ஸில் ஆர்வமுள்ளவர்களுக்காக ஒரு மடற்குழு நடத்திவந்தார். லினக்ஸ் என்பது யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்த்துத் திருத்தலாம் என்று செய்தவர்களே விட்டுவைத்த கணினி அமைப்பு. மடற்குழுவுக்கு ஒரே ஒரு முகவரி. அதற்கு ஒருவர் மடல் எழுதினால், சேர்ந்திருக்கும் அனைவருக்கும் ஆளுக்கொரு நகல் போய்விடும். பாடியிலிருந்து பூந்தமல்லி வரை எங்கள் பக்கத்தில் அறுபத்திரண்டு பேர் சேர்ந்திருந்தோம். தெரியாதவர்கள் கேட்பார்கள், தெரிந்தவர்கள் சொல்வார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்காரரின் மாடியில் கூடி, மடலில் முடியாத சண்டையை நேரில் தொடர்வோம்.

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்தேன். மனைவிக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை என்பதால் அங்கேயே குடியிருப்பில் வீடு. வீட்டில் தொலைபேசி இருந்தது. காலை ஐந்தரைக்கு எழுந்து, மோடம் கிறீச்சிட்டு ஓய்ந்ததும் மடல்களை இறக்கிக்கொண்டு, காப்பியோடு படித்து முடித்து, எத்தனை வந்தன என்று நாட்குறிப்பில் எழுதிவிட்டுத்தான் குளிக்கப் போவேன். எதற்கு அந்த எண்ணிக்கை என்று மனைவி கேட்பாள். எண்ணாமல் விட்டால் எத்தனை வந்தன என்று பிறகு எப்படித் தெரியும் என்பேன். இந்தப் பதிலில் என்ன குறை என்று இன்றுவரை அவள் விளக்கவில்லை.

விதிகள் தேவைப்பட்டதற்குக் காரணம் ஒரு படிக்கட்டு.

பாடியில் இருந்த உறுப்பினர் ஒருவர் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில், தகட்டை அடித்து வடிவமாக்கும் பெரிய இயந்திரத்தில் பதினாறு வருடமாக வேலை பார்த்துவந்தார். ஒரு காது ஏறக்குறையப் போய்விட்டது. அங்கேயே தொடர்ந்தால் மற்றதும் போய்விடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் அவர் தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் ஓர் உதவியாளர் இடம் காலியானது. உள்ளே இருப்பவர்களில் ஒருவரைத் தேர்வு வைத்து எடுப்பதாக அறிவித்தார்கள். அங்கே இருந்தது யூனிக்ஸ், அதாவது லினக்ஸுக்கு அண்ணன் முறை. அதில் அச்சுப்பொறியை இணைத்து ஒரு பக்கம் அச்சடித்துக் காட்ட வேண்டும், அதுதான் தேர்வு. வயது வரம்பை வைத்துப் பார்த்தால் அவருக்கு அதுவே முதல் வாய்ப்பு, அதுவே கடைசி வாய்ப்பு.

அவர் ஏலத்தில் ஒரு பழைய கணினியையும் புள்ளி அச்சுப்பொறியையும் எடுத்து, வீட்டில் லினக்ஸை ஏற்றி, அச்சடித்துப் பார்த்தார். முதல் வரி சரியாக வந்தது. இரண்டாவது வரி, முதல் வரி முடிந்த இடத்திற்கு நேர் கீழே தொடங்கியது. மூன்றாவது அதற்கும் வலப்பக்கம். நாலாவது வரி தாளை விட்டே வெளியே போய்விட்டது. எழுத்துகள் படிக்கட்டில் இறங்கி ஓடிப்போவது போல இருந்தது.

அவர் வீட்டில் தொலைபேசி இல்லை. வேலை முடிந்ததும் அம்பத்தூர் ஓ.டி.யில் இருந்த பிரவுசிங் சென்டருக்கு வந்து குழுவுக்கு எழுதினார். ஆங்கில எழுத்தில் தமிழ். அத்தனையும் கேபிடல் லெட்டர் எனப்படும் பெரிய எழுத்து. தமிழில் அப்படி ஒரு வசதி இல்லாததால் வாசகர்கள்தான் கற்பனை செய்துகொள்ள வேண்டும். தலைப்பு: ‘சார் ஹெல்ப்.’ ஒரே மடல் நான்கு முறை வந்தது.

இணையத்தில் பெரிய எழுத்தில் எழுதுவது கத்துவதற்குச் சமம். பூந்தமல்லிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்த இளைஞர் பதில் எழுதினார். “கத்த வேண்டாம். ஒரு முறை சொன்னால் போதும். கையேட்டில் இருக்கிறது, படியுங்கள்.” அதன் கீழே அவருடைய கையொப்பம், பதினான்கு வரி. பெயர், பட்டம், துறை, பிறகு பொறுமையைப் பற்றி ஒரு பொன்மொழி.

பாடிக்காரர் திரும்ப எழுதினார். “படிச்சேன். புரியல. அதான் கேக்கறேன்.” இதுவும் பெரிய எழுத்தில், நான்கு முறை. அதற்கு மேல் ஊரே சேர்ந்துகொண்டது. கத்தியது தவறு என்று ஒரு கட்சி, கடிந்துகொண்டது தவறு என்று ஒரு கட்சி. பதினோரு நாளில் இருநூற்றுப் பதினேழு மடல்கள். படிக்கட்டைப் பற்றி அதில் ஒன்றுகூட இல்லை.

அடுத்த கூட்டத்தில் விதிகள் வேண்டும் என்று முடிவாகி, முன்பே சொன்ன காரணத்தால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. இரண்டு வாரம் கேட்டு வாங்கினேன். முதல் நாள் ஏழு விதி எழுதினேன். தலைப்பு பொருளைச் சொல்ல வேண்டும். பெரிய எழுத்து கூடாது. பதில் எழுதும்போது முழு மடலையும் திருப்பி ஒட்டக் கூடாது. இப்படி. மறுநாள் படித்தபோது இடைவெளிகள் தெரிந்தன. கையொப்பம் எத்தனை வரி? நாலு. வெற்று வரி கணக்கில் சேருமா? சேரும். நன்றி சொல்ல மட்டும் ஒரு மடல் எழுதலாமா? கூடாது, தனியாக எழுதிக்கொள்ளலாம். வாழ்த்துச் சொல்ல? பொங்கலுக்கும் புத்தாண்டுக்கும் மட்டும். ஒரு வாரத்தில் முப்பத்தொன்பது ஆகிவிட்டது, உட்பிரிவுகளைச் சேர்க்காமல்.

மனைவி திருநெல்வேலிப் பக்கம். பின்னால் நின்று படித்துப் பார்த்தாள்.

“ஏங்க, இத்தனையும் மனசுல வச்சுக்கிட்டு ஒரு மனுசன் சந்தேகம் கேக்கணுமா?”

“பழகிட்டா சுலபம்.”

“கல்யாணத்துக்கு முன்னால இந்த மாதிரி ஒண்ணு எனக்கு எழுதிக் குடுத்திருந்தீங்கன்னா நான் வேற சோலியப் பாத்திருப்பேன்.”

முப்பத்தொன்பதாவது விதி விரிவுரையாளர் வற்புறுத்திச் சேர்த்தது. மூன்று முறைக்கு மேல் தவறியவர் குழுவிலிருந்து நீக்கப்படுவார்.

இங்கேதான் என் தொழில் புத்தி குறுக்கே வந்தது. அளவு குறிப்பதற்கு முன் இருப்பதை அளந்து பார்க்க வேண்டும் என்பது ஆய்வாளரின் பழக்கம். கடந்த மூன்று மாத மடல்களை எடுத்துவைத்துக்கொண்டு, இந்த விதிகள் அப்போதே இருந்திருந்தால் யார் யார் எத்தனை முறை தவறியிருப்பார்கள் என்று ஒரு பதிவேடு தயாரித்தேன். பாடிக்காரர் இருபத்தாறு. விரிவுரையாளர் பத்தொன்பது. கடைக்காரர் எட்டு. என் பெயருக்கு நேரேயும் மனசாட்சிப்படி நாலு என்று எழுதினேன். விதிகளையும் பதிவேட்டையும் ஒரு பிளாப்பியில் போட்டுக் கடைக்காரரிடம் கொடுத்தேன். இணைப்புக் கடிதத்தின் கடைசி வரி, தொழிற்சாலையில் எந்தக் காகிதத்திலும் நான் எழுதும் வரி: ‘தங்கள் தகவலுக்கும் தேவையான நடவடிக்கைக்கும்.’

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு விதிகள் வெளியாயின. அதற்குப் பிந்தைய என் நாட்குறிப்பை அப்படியே தருகிறேன்.

ஞாயிறு: மடல் இல்லை. விதிகளைப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

திங்கள்: மடல் இல்லை. யோசித்து எழுதுகிறார்கள் போலும்.

செவ்வாய்: மடல் இல்லை. ஒழுங்கு நிலவுகிறது.

புதன்: மடல் இல்லை. இவ்வளவு விரைவில் பலன் கிடைக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

புதன் மாலை வேலை முடிந்து வெளியே வந்தபோது, தொழிற்சாலை வாசலில் பாடிக்காரர் நின்றுகொண்டிருந்தார். கூட்டத்தில் இரண்டு முறை பார்த்த முகம். காது மந்தம் என்பதால் அவர் சாதாரணமாகப் பேசினாலே தெருமுனை வரை கேட்கும். அன்று சாதாரணமாகப் பேசவில்லை.

“இன்னா அண்ணாத்தே, மொத்தமா சேந்துகினு கண்டுக்காம உட்டுட்டீங்களா?”

“யாரு கண்டுக்கல?”

“ஞாயித்துக்கெழம கேட்டேன். திங்கக்கெழம கேட்டேன். நேத்து கேட்டேன். ஒருத்தன் வாயத் தொறக்கல. சரி, அந்த வாத்தியாராச்சும் வந்து திட்டுவாருன்னு பாத்தேன். அவுரு கூட திட்டல. சனிக்கெழம டெஸ்ட்டு, இன்னும் அந்தப் பேப்பரு படிக்கட்டுதான் எறங்கிகினு கீது!”

எனக்கு எதுவும் வரவில்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த அட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். தொழிற்சாலையில் செய்த வேலையை எழுதித் தரும் ஜாப் கார்டின் பின்பக்கம். குழுவுக்கு அனுப்பும் மடலை முதலில் அதில் பென்சிலால் எழுதிக்கொண்டுதான் பிரவுசிங் சென்டருக்குப் போவாராம். ஒவ்வொரு எழுத்தும் அச்சுக் கோத்தது போலத் தனித்தனியாக, பெரிதாக, நேராக நின்றது.

“உன் ரூல்ஸு முப்பத்தொம்போதும் படிச்சேன். பெரிய எழுத்துல எழுதக் கூடாதுன்னு போட்டுகீற. ஏன்? எங்க ஷாப்புல ஜாப் கார்டு பெரிய எழுத்துல எழுதலன்னா இன்ஸ்பெக்டரு திருப்பி மூஞ்சில அடிப்பான். ‘உன் கிறுக்கல எவன் படிப்பான், மரியாதியா எழுதினு வா’ம்பான். பதினாறு வர்சமா மரியாதியாத்தான் எழுதினு கீறேன். இங்க வந்தா கத்துறேன்றீங்க.”

“நாலு தடவை அனுப்பறீங்களே?”

“பட்டன அமுக்குனா ஸ்கிரீன்ல ஒண்ணும் ஆவல. திருப்பி அமுக்குனேன். ஆவலன்னா நீ இன்னா பண்ணுவ?”

நான் பதில் சொல்வதற்குள் வாசல் காவலாளி சிரித்துவிட்டார். “அண்ணே, சாரும் இன்ஸ்பெக்டர்தாண்ணே. இன்னிக்குக் காலைல கூட ரெண்டு கார்ட திருப்பி அனுப்பினாரு.”

அது உண்மை. இரண்டு அல்ல, மூன்று. காரணத்தையும் நானே சிவப்பு மையில் எழுதியிருந்தேன்: ‘பெரிய எழுத்தில் எழுதவும்.’ இருபது வருடமாகத் தொழிற்சாலையில் நான் மரியாதை என்று சொல்லிக் கேட்டு வாங்கியதை, வீட்டுக்குப் போய் விதி எண் இரண்டில் தடைசெய்திருந்தேன். பாடிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, “உன்ன சொல்லல நைனா. எங்க இன்ஸ்பெக்டர சொன்னேன்” என்றார். தாழ்த்திய குரலும் எதிர்ச்சாரி டீக்கடைக்குக் கேட்டது.

இருவருமாகப் பேருந்து பிடித்துக் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு மானிட்டரின் முதுகைத் திறந்துவைத்திருந்தார். அவர் சொல்லின் செயலர். சொன்னதைச் செய்வார், கூடவும் செய்ய மாட்டார், குறைக்கவும் மாட்டார்.

“நாலு நாளா மடல் வரலையே?” என்றேன்.

“எப்டி வரும் சார்? உங்களத்தான் எடுத்தாச்சே.”

“என்னையா?”

“நீங்க குடுத்த பதிவேட்டுல மூணுக்கு மேல இருக்கறவங்க எல்லாரையும் எடுத்துட்டேன். மொத்தம் முப்பத்துநாலு பேரு. நீங்க நாலு. என் பேரும் இருந்துச்சு, எடுத்துட்டேன். தேவையான நடவடிக்கைன்னு நீங்கதான எழுதியிருந்தீங்க?”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“உங்க பேரும் இருக்கே, கேட்டா சிபாரிசு மாதிரி ஆயிடும்னு கேக்கல. நீக்கிட்டோம்னு மடல் போனா மனசு கஷ்டப்படுமேன்னு அதயும் நிறுத்தி வெச்சுட்டேன்.”

மிஞ்சியவர்கள் இருபத்தெட்டு பேர். சேர்ந்த நாளிலிருந்து ஒரு வரிகூட எழுதாதவர்கள். எழுதியவர்களில் ஒருவரும் தப்பவில்லை. நீக்கப்பட்டவர்கள் எழுதிய மடல்கள் வெளியாள் மடல் என்ற கணக்கில் ஓர் ஓரத்தில் குவிந்து கிடந்தன. அதில் பாடிக்காரருடையது பன்னிரண்டு இருந்தது. மூன்று மடல், நான்கு நான்கு முறை.

குழுவில் படிக்கட்டைப் பற்றித் தெரிந்தவர் விரிவுரையாளர் ஒருவர்தான். கடைத் தொலைபேசியிலிருந்து அவரைக் கூப்பிட்டேன். நல்லவேளையாகக் குரலில் கோபம் இல்லை. வருத்தம்தான் இருந்தது.

“நாலு நாளா நான் எழுதின எதுக்கும் பதில் இல்ல சார். அந்தப் பாடிக்காரரைத் திட்டினதுக்காக எல்லாரும் என்னை ஒதுக்கி வெச்சுட்டாங்கன்னு நினைச்சேன்.”

“ஒதுக்கல சார். நீக்கியிருக்கு.”

“எதுக்கு?”

“கையொப்பம் பதினாலு வரி. விதி பதினேழு.”

“அதுக்காகவா?”

“அது மட்டும் இல்ல. உங்க கணக்குல மொத்தம் பத்தொன்பது.”

அந்த நேரத்தில் எண்ணைச் சொல்லியிருக்கத் தேவையில்லை என்பது எனக்கும் தெரியும். கேட்டால் சரியான எண்ணைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. நல்ல காதைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் கொண்டுவந்த பாடிக்காரர், “எனக்கு எவ்ளோ?” என்றார்.

“இருபத்தாறு.”

“அப்ப நான்தான் ஃபஸ்ட்டு! வாத்தியாரே, உன்ன முந்திட்டேன்!”

தொலைபேசியில்லாமலே அது பூந்தமல்லிக்குக் கேட்டிருக்கும். விரிவுரையாளர் சிரித்துவிட்டார். சனிக்கிழமை தேர்வு என்று சொன்னதும், “கையேட்டில்...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பிறகு, “வீடு எங்கேன்னு கேளுங்க, நாளைக்கு வரேன்” என்றார்.

வியாழன் மாலை ஐந்தே முக்காலுக்கு அவர் ஸ்கூட்டரில் பாடிக்கு வந்தார். நானும் போயிருந்தேன். லாரிகள் நிற்கும் தெருவுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. அச்சுப்பொறியை ஒரு தையல் இயந்திரத்தின் மேசைமேல் வைத்திருந்தார்கள். பாடிக்காரரின் மனைவி எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, “இது ஊட்டுக்கு வந்ததுலேர்ந்து என் பிளவுஸு எல்லாம் வெளிய குடுத்துத்தான் தச்சுக்கினு கீறேன்” என்று பொதுவாகச் சொன்னார்.

விரிவுரையாளர் கையோடு கொண்டுவந்த கையேட்டைப் பிரித்து, அதன்படி இரண்டு வரி திருத்தினார். அச்சுப்பொறி ஒன்றுமே அடிக்கவில்லை. மீண்டும் திருத்தினார். மறுபடி படிக்கட்டு, இம்முறை இன்னும் செங்குத்தாக. ஆறு இருபதுக்குக் கையேட்டை மூடிவைத்துவிட்டு, “இந்தப் பக்கம் எனக்கும் புரியல” என்றார். இதை அவர் சொன்ன நேரத்தை நான் குறித்துக்கொண்டதற்கு வேறு நோக்கம் கிடையாது.

“அத்தத்தான் நானும் சொன்னேன்” என்றார் பாடிக்காரர். குத்தலாகச் சொல்லவில்லை. ஒரு துணை கிடைத்த நிம்மதிதான் தெரிந்தது.

பிறகு விரிவுரையாளர் புத்தகத்தை விட்டுவிட்டு வாயால் சொல்லத் தொடங்கினார். “ஒரு வரி முடிஞ்சதும் கணினி ‘கீழே போ’ன்னு மட்டும் சொல்லுது. ‘இடது பக்கம் திரும்பி வா’ன்னு சொல்லல. அதுவே வந்துடும்னு நினைச்சுக்குது. இந்த அச்சுப்பொறி, சொன்னாத்தான் வரும்.”

பாடிக்காரர் அச்சுத் தலையைக் கையால் நகர்த்திப் பார்த்தார். “ஷேப்பிங் மிஷின்ல டூலு வெட்டிகினு முன்னால போயி, திரும்பி வராம அங்கியே நின்னுட்ட மாதிரி. அவ்ளோதான?”

“அவ்ளோதான்.”

“இத்த மொதல்லியே சொல்லியிருந்தா ஒரு மாசம் மிச்சம் நைனா.”

ஒவ்வொரு வரியின் முடிவிலும் ‘திரும்பி வா’ என்று சேர்த்துவிடும் ஒரு சின்ன நிரலை ஏழு மணிக்கு அவர்கள் எழுதி முடித்தார்கள். பக்கம் நேராக வந்தது. விரிவுரையாளர் உடனே அத்தனையையும் அழித்துவிட்டு, “இப்ப நீங்க பண்ணுங்க” என்றார். ஆறு முறை அழித்தார். ஆறு முறையும் பாடிக்காரர் செய்தார். நாலாவது முறை நடுவில் மறந்துபோய் வியர்த்துவிட்டது. யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. தானாகவே கண்டுபிடித்துக்கொண்டார்.

தேர்வுக்குப் போன மூன்று பேரில் அவர் ஒருவர். முடிவை அடுத்த வாரம் தொழிற்சாலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். பார்த்துவிட்டு வந்து குழுவுக்கு எழுதினார். ‘கெட்ச்சிருச்சி.’ வேறு ஒரு வார்த்தை இல்லை. நான்கு நகல்கள். முப்பத்துநாலு பேரும் திரும்பச் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அன்று ஒரே நாளில் நாற்பத்தொரு வாழ்த்து மடல்கள் வந்தன. பொங்கலும் இல்லை, புத்தாண்டும் இல்லை. நான் எழுதியதும் அதில் ஒன்று.

அடுத்த கூட்டத்தில் முப்பத்தொன்பதை ஏழாகக் குறைத்தோம். நீக்கும் விதியை எடுத்துவிடலாம் என்று முன்மொழிந்தவர் விரிவுரையாளர். அவருடைய கையொப்பம் நாலு வரிக்கு இறங்கியது, பொன்மொழி மட்டும் போகவில்லை.

மாதம் பிறந்ததும் பாடிக்காரர் கணினிப் பிரிவுக்குப் போனார். இரண்டாவது நாளே அவரிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. பெரிய அச்சுப்பொறியில் தாள் நூறாவது பக்கத்தில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கிழிகிறது, என்ன செய்வது? அன்று மாலைக்குள் மூன்று பேர் பதில் எழுதினார்கள். தாள் பெட்டியை நேராக வை என்றார் ஒருவர். இழுக்கும் பல்சக்கரத்தைத் தளர்த்து என்றார் இன்னொருவர். விரிவுரையாளர் எழுதியது இரண்டு பக்கம்.

மூன்று நாள் கழித்துப் பாடிக்காரரிடமிருந்து, “சரியாய்டுச்சி” என்று ஒரு மடல் வந்தது. மூன்றில் எது பலித்தது என்று சொல்லவே இல்லை. நான் தனியாக எழுதிக் கேட்டேன். “எல்லாத்தையும் ஒரே நேரத்துல பண்ணிட்டேன் அண்ணாத்தே” என்று பதில் வந்தது. எதனால் சரியானது என்பதைக் கேட்டவர் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எட்டாவதாக ஒரு விதி சேர்க்கலாமா என்று மனைவியிடம் கேட்டேன். அவள் என் கையிலிருந்த பேனாவை வாங்கி, மூடியைப் போட்டு, மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.